அழுகா வலையும் அறாக் கடனும்: நைலோன் வலையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, புத்தளம் கடனீரேரியைத் திறந்த கடலினின்றும் பிரித்து வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். அதன் கடற்பக்கத்தில் அமைந்த மீனவக் கிராமங்களுள் ஒன்று கண்டக்குழி. கற்பிட்டிப் பகுதியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பற்றியும், வணிகத்தைப் பற்றியும், முக்குவர் வழக்குகளைப் பற்றியுமே எழுதியுள்ளனர். அக்கரையில் நாள்தோறும் கடலில் இறங்கும் வலையைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. கோட்டைக்கு வரலாறு உண்டென்பதை ஒப்புக்கொள்ளும் நாம், வலைக்கும் வரலாறு உண்டென்பதை மறந்துவிடுகின்றோம்.

இன்று கண்டக்குழியிலும் அதனைச் சூழ்ந்த கரைகளிலும் பயன்படும் வலைகளுள் மிகப் பெரும்பாலானவை செயற்கை இழையாலானவை. அவற்றுள் முதன்மையானது நைலோன். வேதியியல் நோக்கில் நைலோன் என்பது நைதரசனைக் கொண்ட சேர்வைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட ஒரு பொருள். வலைகளுக்குப் பெரிதும் பயன்படும் நைலோன்-6 என்னும் வகையோ ஓர் அமினோ அமிலத்தின் வழிப்பொருளிலிருந்து பெறப்படுவது. ஆய்வுகூடத்தின் கண்ணாடிக் குழாயிலே தோன்றிய இச்சங்கிலி, எவ்வாறு ஒரு மீனவக் கரையின் உழைப்பு முறையையும் உடைமை உறவையும் மாற்றியமைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது கண்டக்குழியின் தனிவரலாறன்று. அக்கரையை நிலைக்களனாகக் கொண்டு, ஒரு பொருளின் பயணத்தைத் தொடரும் முயற்சியே.

நைலோன் வலையின் வருகையைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. நவீனமயமாக்கலின் வெற்றிக்கு அதனைச் சான்றாகக் காட்டுவது ஒன்று. மரபின் அழிவுக்கு அதனையே காரணமாக்கிப் பழமைக்காக ஏங்குவது மற்றொன்று. மேலோட்டமாக நோக்குமிடத்து இவை ஒன்றுக்கொன்று முரணானவை. ஆயின் இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே பொருளைச் செயல்புரியும் கருத்தாவாகக் கொண்டு, அப்பொருளை உடைமையாக வைத்திருப்போரையும் அதனைக்கொண்டு உழைப்போரையும் மறந்துவிடுகின்றன. புதிய வலை உழைப்பை மிச்சப்படுத்தியது என்பதில் ஐயமில்லை. அந்த மிச்சம் யாருக்குச் சென்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

2

முதலில் அப்பொருளின் பிறப்பை நோக்குவோம்.

அமினோ அமிலம் என்பது இரு வேறு இயல்புள்ள முனைகளை ஒரே மூலக்கூறிற் கொண்ட சேர்வை. ஒரு முனையில் நைதரசனைக் கொண்ட அமீன் கூட்டம். மறுமுனையில் அமிலக் கூட்டம். ஒரு மூலக்கூறின் அமீன் முனை மற்றொன்றின் அமில முனையோடு இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற, இரண்டுக்குமிடையே ஒரு பிணைப்பு உண்டாகின்றது. இவ்வாறு தலையும் வாலுமாகத் தொடர்ந்து இணைந்தாற் சங்கிலி உண்டாகும். பட்டு, கம்பளி, எமது தசை, தலைமயிர் ஆகிய யாவும் இயற்கை இம்முறையிற் கோத்த சங்கிலிகளே.

இதனை ஆய்வுகூடத்திற் செய்துகாட்டும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் நடைபெற்றது. எமில் பிஷர் 1901இல் இரு கிளைசீன் மூலக்கூறுகள் இணைந்த சேர்வையைப் பெற்றார்; 1907 அளவில் பதினெட்டு அமினோ அமில அலகுகளைக் கொண்ட சங்கிலியொன்றை உருவாக்கினார். பட்டு இழையைப் பகுத்து அதன் அலகுகளை ஆராய்ந்தவரும் அவரே. ஆயின் ஒவ்வோர் அலகாகச் சேர்க்கும் அம்முறை மிகுந்த உழைப்பையும் செலவையும் வேண்டியது. இயற்கையின் முறையை அறிந்துகொள்ள அது உதவிற்று. இழை நூற்க அது உதவவில்லை.

இதற்குச் சற்று முன்னர், 1899இல், கேபிரியேல், மாஸ் ஆகிய இருவர் ஆறு காபன் அணுக்களைக் கொண்ட அமினோகப்ரோயிக் அமிலத்தை ஆராய்ந்தனர். அதன் தலையும் வாலும் தமக்குள்ளேயே இணைந்து ஒரு வளையமாக மாறுவதை அவர்கள் கண்டனர். அவ்வளையமே கப்ரோலக்டம். அன்று அது நூலடைவுகளில் இடம்பெறும் ஒரு சேர்வையாக மட்டுமே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதுவே உலகின் கடற்கரைகளை நிரப்பப்போகும் வலையின் மூலப்பொருளாயிற்று.

இடையில் அறிவுலகில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. மிக நீண்ட மூலக்கூறுகள் உண்மையில் உள்ளனவா, அன்றிச் சிறு மூலக்கூறுகளின் திரள்களே அவ்வாறு தோற்றுகின்றனவா என்பதே அவ்விவாதம். 1920இல் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் பெருமூலக்கூறுகள் உண்மையில் உள்ளன என்னும் கருத்தை முன்வைத்தபோது வேதியியலாளர் பலர் அதனை ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இலேதான். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்கு எங்கெல்ஸ் காபன் சேர்வைகளின் வரிசைகளிலிருந்தே எடுத்துக்காட்டுத் தந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரே அலகு சிலமுறை தொடர்ந்தால் மெழுகு. பன்னூறுமுறை தொடர்ந்தால் இழுத்தால் அறாத இழை. இவ்விதிக்கு இதனினுந் தெளிவான சான்று காண்டலரிது.

3

செயற்கை இழையின் பிறப்பிடம் பல்கலைக்கழகமன்று. ஏகபோக நிறுவனங்களின் ஆய்வுகூடம். அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்திற் பணியாற்றிய வொலஸ் கரோதர்ஸ், அவருடைய குழுவினர் ஆகியோர் 1935 பெப்ரவரியில் நைலோன்-66 எனப் பின்னர் பெயர்பெற்ற பொருளை உருவாக்கினர். இரு வேறு சேர்வைகளை மாறிமாறிக் கோத்து அதனை அவர்கள் பெற்றனர். 1937இல் கரோதர்ஸ் இறந்தார். 1938 ஒக்டோபரில் நிறுவனம் நைலோனை உலகுக்கு அறிவித்தது. 1940 மே மாதத்தில் நைலோன் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தன. அந்நாட்டின் காலுறைகளுக்கு அதுவரை பட்டு வழங்கிய நாடு ஜப்பான். ஜப்பானிய உழவரின் பட்டுப்புழுவுக்குப் பதிலாக அமெரிக்க நிலக்கரி வந்தது எனலாம்.

கரோதர்ஸ் 1930இல் அமினோகப்ரோயிக் அமிலத்தையும் அதன் வளையமான கப்ரோலக்டத்தையும் ஆராய்ந்திருந்தார். அவ்வளையம் சங்கிலியாக மாறாது என்பது அவர் கண்ட முடிவு. அம்முடிவு வழிவந்த காப்புரிமையின் எல்லைக்கு வெளியே ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. ஜேர்மனியின் ஐ. ஜி. பார்பன் நிறுவனத்தைச் சேர்ந்த பவுல் ஷ்லாக், பேர்லினிலுள்ள ஆய்வுகூடத்தில் 1938 ஜனவரி இறுதியில் கப்ரோலக்டத்தோடு சிறிதளவு அமினோகப்ரோயிக் அமில உப்பைச் சேர்த்து, மூடிய குழாயில் இரவு முழுவதும் சூடாக்கினார். வளையங்கள் திறந்து ஒன்றோடொன்று இணைந்தன. உறுதியான இழை தரும் பொருள் கிடைத்தது. பெர்லோன் என்றும் நைலோன்-6 என்றும் பெயர்பெற்றது இதுவே.

இக்கண்டுபிடிப்பின் பின்னர் நிகழ்ந்தது முதலாளித்துவத்தின் இயல்பை நன்கு புலப்படுத்துவது. போட்டியிடும் எனக் கருதப்பட்ட இரு நிறுவனங்களும் 1939இல் தமக்குள் உடன்படிக்கை செய்து உரிமைகளைப் பகிர்ந்துகொண்டன. அதே ஆண்டு போர் மூண்டது. இரு தரப்பிலும் இப்புதிய இழை போர்த்தேவைகளுக்குத் திருப்பப்பட்டது. நிறுவனங்களுக்கிடையே உடன்படிக்கை, மக்களுக்கிடையே போர். ஐ. ஜி. பார்பன் ஒளஷ்விற்ஸ் வதைமுகாமின் அருகே தன் தொழிற்சாலையை அமைத்து அடிமையுழைப்பைப் பயன்படுத்தியமைக்காக அதன் அதிகாரிகள் 1947-48இல் நூரெம்பேர்க்கில் விசாரிக்கப்பட்டனர் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

போரின் பின்னர் ஜப்பானில் நைலோன்-6 பெருமளவில் உற்பத்தியாயிற்று. பட்டுச் சந்தையை நைலோனிடம் இழந்த நாடு, நைலோன் வலைகளை ஆசியக் கரைகளுக்கு ஏற்றுமதி செய்யும் முதன்மை நாடுகளுள் ஒன்றாயிற்று. 1957இல் ஹம்பேர்க்கில் நடைபெற்ற முதலாவது உலக மீன்பிடிக் கருவிகள் மாநாட்டிற் செயற்கை இழை வலைகள் முக்கிய விவாதப் பொருளாயின. அம்மாநாட்டுக்கு மறு ஆண்டளவிலேயே இலங்கையின் மீன்பிடித் துறை இயந்திரமயமாக்கல் திட்டத்துள் நுழைந்தது. எனவே கற்பிட்டிக் கரைக்கு வந்த வலை, தனித்த ஒரு கருவியாக வரவில்லை. உலகச் சந்தையும் அரச திட்டமும் அதனோடு சேர்ந்தே வந்தன.

4

அவ்வலை வருமுன் இருந்த நிலையை இனி நோக்குதல் வேண்டும்.

பழைய வலை பருத்தி நூலாலும் சணல் முதலிய நார்களாலும் ஆனது. கரைவலையின் பெரும்பகுதி தென்னந்தும்புக் கயிற்றாலானது. தாவர நார் என்பது செலுலோசு. கடல்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உணவாகக் கொள்வன. ஈரத்தோடு குவித்துவைத்த பருத்தி வலை விரைவில் நைந்துபோம். ஆகவே வலையைக் காப்பது ஓர் இடையறாத உழைப்பாக இருந்தது. கரைசேர்ந்ததும் வலையை அலசுதல், உலர்த்துதல், பொத்தல் பார்த்தல், குறித்த நாட்களுக்கு ஒருமுறை துவர்ப்புச் சாயத்தில் ஊறவைத்தல் ஆகியன தவிர்க்கமுடியாத கடமைகள். பனிச்சங்காயின் சாறும் கண்டல் மரப்பட்டையின் சாயமும் இதற்குப் பயன்பட்டன. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் நாரை நுண்ணுயிர்களிடமிருந்து ஓரளவு காத்தது. கடனீரேரிக் கரையின் கண்டற் காடு இவ்வகையில் மீன்பிடிப் பொருளாதாரத்தின் ஓர் உறுப்பாக விளங்கிற்று.

இதன் தொன்மைக்கு இலக்கியச் சான்றும் உண்டு. பட்டினப்பாலையில் பரதவரின் குறுகிய கூரைக் குடியிருப்புக்களின் மணல் முற்றத்தில் வலை உலரும் காட்சி இடம்பெறுகின்றது. வெண்மணலில் விரிந்த வலைக்குப் புலவர் காட்டும் உவமை நிலவொளியின் நடுவே தங்கிய இருள். இவ்வுவமையின் அழகை உரையாசிரியர் முதல் இன்றைய திறனாய்வாளர் வரை பலர் பாராட்டியுள்ளனர். அதிலுள்ள பொருளியற் செய்தி கவனிக்கப்பட்டதில்லை. சாயமேற்றாத நார் வலை இருளுக்கு உவமையாகாது. புலவர் கண்ட வலை கறுத்த வலை. எனவே துவர்ப்பேற்றிப் பதப்படுத்தப்பட்ட வலை எனக் கொள்வதற்கு இடமுண்டு. பின்னாளில் எமது கரைகளில் வழங்கிய வலைகாக்கும் உழைப்பின் ஒரு கணமே அவ்வரிகளில் உறைந்து நிற்கின்றது எனலாம். முருகியல் நோக்கு மட்டும் கொண்டு நெய்தற் பாடல்களை அணுகுவோர் இழப்பது இத்தகைய செய்திகளையே.

இவ்வுழைப்பு குடும்பத்தினுள் நிகழ்ந்தது. மேற்குக் கரையில் வாடைக்காலம் கடல் அமைதியானது, சோளகம் வீசும் மாதங்களில் அலை எழும்பும், தொழில் குன்றும். அம்மாதங்களில் வள்ளம் கரையிலிருக்க, வலை கைகளில் இருக்கும். கடலுக்குச் செல்லவியலாத முதியோரும் பெண்களும் சிறுவரும் நூல் முறுக்கியும் வலைக்கண் கட்டியும் உற்பத்தியிற் பங்குகொண்டனர். வலையைத் தாமே ஆக்கவும் திருத்தவும் கூடிய குடும்பம், வறுமையில் இருந்தபோதும், உற்பத்திக் கருவியின்மீது ஓரளவு கட்டுப்பாட்டைத் தக்கவைத்திருந்தது.

பழைய அமைப்பைப் பொற்காலமாகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. அங்கும் சம்மாட்டி இருந்தார். கரைவலையின் உரிமையும் துறையின் உரிமையும் சமமாகப் பகிரப்படவில்லை. சாதி ஏற்றத்தாழ்வும் வணிகரின் முற்பணமும் அன்றும் இருந்தன. பிடிபட்ட மீனின் வருவாயில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சியது உழைத்தோருக்கு என்னும் பங்குமுறை நைலோனுக்கு மிக முந்தியது. கருவிக்குப் பங்கு உண்டென்னும் இவ்விதியே பின்னர் நிகழ்ந்த மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோலாகும்.

5

இலங்கையில் மீன்பிடித் திணைக்களம் 1941இல் தோன்றியது. மீன்பிடிக் கூட்டுத்தாபனம் 1964இல் நிறுவப்பட்டது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, 1958 அளவில், மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் தவணைமுறையில் வழங்கப்படலாயின. நைலோன் வலைகள் பரவலாயினவும் இக்காலப்பகுதியிலேயே. பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியிணைப்பு இயந்திரங்களும் சிறுதொழிலாளரிடையேயும் பரவின.

நைலோனின் சிறப்புக்கள் ஐயத்துக்கிடமற்றவை. சங்கிலிகளை நீட்டி இழுக்கும்போது அவை ஒருதிசைப்பட வரிசையாக அமைகின்றன. ஒரு சங்கிலியின் நைதரசனோடு சேர்ந்த ஐதரசன் அடுத்த சங்கிலியின் ஒட்சிசனைக் கவர்ந்து பிடிக்கின்றது. எண்ணிறந்த இச்சிறு பிடிகளே இழைக்கு உறுதி தருகின்றன. ஆகவே மெல்லிய நூலே பெருஞ்சுமையைத் தாங்கும். மெல்லிய நூலை நீரில் மீன் எளிதிற் காண்பதில்லை. நெகிழ்வதால் அகப்பட்ட மீன் தப்புவதும் அரிது. பருத்தி வலையினும் இருமடங்கும் அதற்கு மேலும் மீன்படுவதைப் பல நாடுகளிற் செய்த சோதனைகள் காட்டின. இவை யாவற்றுக்கும் மேலாக, நுண்ணுயிர்கள் அதனை உண்பதில்லை, அது அழுகுவதில்லை. உலர்த்தும் உழைப்பும் சாயமேற்றும் உழைப்பும் ஒரே தலைமுறையில் மறைந்தன. பனிச்சங்காயும் கண்டற்பட்டையும் பயனொழிந்தன. நூற்றாண்டுகளாக வலை உலர்ந்த மணல் முற்றத்தின் பொருளே மாறிற்று. ஏனெனில் வெயிலிற் கிடந்தால் நைலோன் வலுவிழக்கும். அதனை நிழலிற் காக்கவேண்டும்.

உழைப்பு மறைந்தது எனக் கூறினோம். இதனைச் சற்றுத் திருத்தமாகக் கூறல் வேண்டும். அது கரையிலிருந்து தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தது. நூல் முறுக்கும் உழைப்பும் வலைக்கண் கட்டும் உழைப்பும் இயந்திரத்துக்குச் சென்றன. முன்பு வீட்டில் ஆக்கப்பட்ட கருவி, இப்போது பணம் கொடுத்து வாங்கவேண்டிய பண்டமாயிற்று. பணமில்லாதவன் யாரிடம் செல்வான்? மீன் முதலாளியிடம். முதலாளி வலைக்கு முற்பணம் கொடுப்பார். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே, கொடுக்கவேண்டும். வலைக்குரிய பங்கு, வலைக்குப் பணமிட்டவரைச் சென்றடையும். பழைய பங்குமுறையின் வடிவம் மாறவில்லை, உள்ளடக்கம் மாறிவிட்டது. முன்னர் வலைப்பங்கு என்பது குடும்பத்தின் கண்காணா உழைப்புக்கு ஈடாகவும் அமைந்தது. இப்போது அது முதலீட்டின் மீதான இலாபமாயிற்று. மரபின் பெயரால் நிகழும் சுரண்டல் இவ்வாறே நிகழ்கின்றது. தெற்குக் கரையின் மீனவரைப் பற்றி 1982இல் நூலெழுதிய பவுல் அலெக்சாந்தர், அக்கிராம சமூகத்தினுள்ளே முதலாளித்துவ உறவுகள் செயற்படுவதைக் காட்டியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பெண்களுக்கு நேர்ந்த இழப்பு இன்னும் குறைவாகவே பேசப்படுகின்றது. வலை பின்னும் தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்ணுக்கு மாற்றுத் தொழில் எதுவும் திட்டங்களில் இடம்பெறவில்லை. திட்டமிட்டோரின் கணக்கில் அவ்வுழைப்பு முதலிலேயே உழைப்பாக எண்ணப்படவில்லை; எண்ணப்படாதது இழக்கப்பட்டதும் தெரியவில்லை. கடலுக்கு அப்பால், திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் கைவலைத் தொழிலை இழந்த பெண்கள் வலைபின்னும் இயந்திரங்களின் வருகையை எதிர்த்துக் குரலெழுப்பினர். இயந்திரத்தை எதிர்த்ததால் அவர்களைப் பிற்போக்காளர் எனக் கருதுவது தவறு. இயந்திரத்தினால் வரும் பயன் தமக்கு வராதென்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இம்மாற்றத்தை ஆவணங்களினும் கூர்மையாக உணர்ந்தோர் புனைகதையாசிரியர்களே. தகழியின் செம்மீன் 1956இல் வெளிவந்தது. வள்ளமும் வலையும் சொந்தமாகப் பெறவேண்டுமென்னும் ஒரு மீனவனின் ஆசையும், அதற்காக வாங்கிய கடனும், அக்கதையின் காதலுக்கு அடியில் ஓடும் பொருளியல் இழை. வண்ணநிலவனின் கடல்புரத்தில் 1977இல் நூலாயிற்று. வல்லத்துக்கும் லாஞ்சுக்குமிடையே எழும் மோதலை அது குடும்பங்களின் உடைவாகக் காட்டுகின்றது. முதலாவது நாவலில் கருவியைப் பெறுதல் பிரச்சினை; இரண்டாவதில் எத்தகைய கருவி என்பதே பிரச்சினை. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் தென்னாசியக் கரைகளில் நிகழ்ந்த மாற்றம் இவ்விரு நாவல்களுக்கிடையே பதிவாகியுள்ளது. கற்பிட்டிக் கரைக்கு இத்தகையதொரு நாவல் எழுதப்படவேண்டும். தமிழும் சிங்களமும் ஒருங்கே புழங்கும் அக்கரையின் மொழி அதற்குத் தனிச்சிறப்புத் தரும்.

6

அழுகாமை என்னும் பண்பு இப்போது மற்றொரு முகத்தைக் காட்டுகின்றது.

பருத்தி வலை கடலில் தொலைந்தால் கடல் அதனை உண்டு முடிக்கும். நைலோன் வலை தொலைந்தால் நெடுங்காலம் கிடந்து, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். பவளப்பாறையிற் சிக்கினால் பாறையை உடைக்கும். கண்டக்குழிக்கு அப்பாலுள்ள கடலில் அமைந்த பவளப்பாறைத் தொகுதி 1992இல் கடற்சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998இல் கடல் வெப்பமுற்றபோது அப்பவளங்களின் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. மீண்டெழ முயலும் பாறைக்குத் தொலைந்த வலை மேலுமொரு சுமை.

நைலோனை உண்ணும் உயிர் ஒன்றுமே இல்லையோ எனின், முற்றாக இல்லையெனக் கூறவியலாது. 1975இல் ஜப்பானிய ஆய்வாளர், நைலோன் தொழிற்சாலையின் கழிவுநீரில் வாழ்ந்த ஒருவகைப் பற்றீரியா, உற்பத்தியின்போது எஞ்சும் குறுஞ்சங்கிலிகளை உணவாகக் கொள்வதைக் கண்டறிந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உலகில் இல்லாத பொருளைச் செரிக்கும் ஆற்றலை அவ்வுயிர் பெற்றிருந்தது. ஆயின் முழு நீளச் சங்கிலியை, அதாவது வலையை, அது கரைக்கவல்லதன்று.

ஒற்றை இழையாலான தங்கூசி வலை இலங்கையில் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டது. மலிவானதும் நீரிற் காணவியலாததுமான அவ்வலை சிறுமீனையும் விடாது பிடிப்பது; அறுந்தால் திருத்துவதற்கும் அரியது; எனவே எறியப்படுவது. தடை நியாயமானதே. எனினும் தடையின் சுமை யார்மீது விழுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். தடைசெய்யப்பட்ட வலையை வைத்திருந்தமைக்காகக் கைதாவோர் அதனைக்கொண்டு தொழில் செய்யும் சிறு மீனவர். இறக்குமதி செய்தும் விற்றும் இலாபம் ஈட்டியோர் நீதிமன்றத்தில் நிற்பது அரிது. வடக்குக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் இந்திய இழுவைப் படகுகள் சிறு மீனவரின் வலைகளை வாரிச் செல்லும்போதும் இதே கேள்வி எழுகின்றது. கரைக்கு இவ்புறமும் அப்புறமும் இழுவைப் படகில் கூலிக்கு உழைப்பவனும் வலையை இழப்பவனும் தமிழ் பேசும் தொழிலாளரே. 2017ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் கடலில் இழுவைமடியைத் தடைசெய்தது. ஆயின் ஓர் இரவில் இழந்த வலையின் கடனை அடைக்கப் பல பருவங்கள் உழைக்கவேண்டிய நிலையைச் சட்டம் மாற்றவில்லை.

நைதரசன் இக்கரைக்கு வலையாக மட்டும் வரவில்லை. கப்ரோலக்டத்தை உற்பத்தி செய்யும் பழைய முறையில், ஒரு தொன் கப்ரோலக்டத்துக்கு ஏறத்தாழ நான்கு தொன் அமோனியம் சல்பேற்று உடன்விளைவாகக் கிடைக்கும். அது உரமாக விற்கப்படும். வலைக்கான இழையும் வயலுக்கான உரமும் இவ்வாறு ஒரே கொதிகலனின் இரு பொருள்களாகின்றன. உற்பத்தியின் கழிவை வேதியியல் புதிய பண்டமாக்கும் முறையை மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் எடுத்துக்காட்டியுள்ளார். கற்பிட்டியின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் இடும் நைதரசன் உரம் மணலில் நில்லாது நிலத்தடி நீரில் இறங்குகின்றது. அப்பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டு, விளைச்சல் வீழ்ச்சியின்பின் அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. மிகைப் பயன்பாடும் திடீர்த் தடையும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. இரண்டிலும் உழவனின் கருத்துக் கேட்கப்படவில்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி இத்தங்கிநிற்றலை அம்மணமாக்கிற்று. லுணுவிலவிலும் குருநகரிலும் அரச வலைத் தொழிற்சாலைகள் தோன்றியிருந்தபோதும் இழைக்கான மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். கப்ரோலக்டத் தொழிற்சாலை இந்நாட்டில் இல்லை. ரூபாவின் பெறுமதி சில வாரங்களிற் சரிந்தபோது வலையின் விலையும் இயந்திரத்தின் விலையும் உயர்ந்தன, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, படகுகள் கரையில் நின்றன. பனிச்சங்காயும் பருத்தி நூலும் கொண்டு தொழில்செய்த மீனவன் வறியவனாக இருந்தான். ஆயினும் டொலரின் விலை அவனுடைய வலையைக் கடலில் இறங்கவிடாது தடுத்ததில்லை.

7

தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் புலனாகின்றன.

மனிதன் இயற்கையின் சங்கிலியை அறிந்து, அதனைத் தானே கோக்கக் கற்றுக்கொண்டமை அறிவின் பெருவெற்றி. தாரெண்ணெயிலிருந்து சாயத்தை ஆக்கியமையை எடுத்துக்காட்டி, ஒரு பொருளை நாமே ஆக்கும்போது அதனை அறியமுடியாது என்னும் வாதம் வீழ்கின்றது என எங்கெல்ஸ் 1886இல் எழுதினார். ஷ்லாக்கின் குழாயிலும் நிகழ்ந்தது அதுவே. இவ்வெற்றியை மறுத்துப் பருத்தி வலைக்கு மீள்வோம் என்பது வரலாற்றைப் பின்னோக்கி இழுக்கும் வீண்முயற்சி. வலை உலர்த்தியும் சாயமேற்றியும் தேய்ந்த உடல்களுக்கு நைலோன் தந்த ஓய்வு உண்மையானது.

ஆயின் ஆக்கத் தெரிந்துகொண்டதனை ஆளத் தெரிந்துகொள்ளவில்லை. அழுகாப் பொருளை உற்பத்தி செய்த நிறுவனங்கள் அதன் இறுதியைப் பற்றி எண்ணவில்லை, எண்ணுவதில் இலாபமில்லை. கருவி வீட்டை விட்டுச் சந்தைக்குச் சென்றபோது, அதனோடு உழைப்பாளியின் சுதந்திரத்தின் ஒரு பகுதியும் சென்றது. இது வேதியியலின் குற்றமன்று. நைதரசனுக்கு வர்க்கச் சார்பில்லை. அதனைக் கோப்பவரும் விற்பவரும் கடனுக்குக் கொடுப்பவரும் ஒரு வர்க்கத்தவர். அதனைக்கொண்டு கடலில் இறங்குபவர் மற்றொரு வர்க்கத்தவர்.

எனவே இன்றைய கோரிக்கை வலையைப் பற்றியதாக மட்டும் இருத்தலாகாது. வலை வாங்குவதற்கு மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நியாயமான கடன். பழுதுற்ற வலையை உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் திரும்பப் பெறும் பொறுப்பு. எத்தகைய வலை எக்கடலில் இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அவைகளில், வலை திருத்தும் பெண் உட்பட, உழைப்போருக்கு வாக்குரிமை. இவை பெரும்புரட்சிக் கோரிக்கைகளல்ல. எனினும் இவற்றையேனும் வென்றெடுக்காதவரை, கண்டக்குழிக் கரையில் வலை அழுகாமலிருக்கும். அதனோடு கடனும் அறாமலிருக்கும். அவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டியிருக்கும் முடிச்சு எங்குள்ளது என்பதைக் காட்டுவதே வரலாற்றாய்வின் பணி. அதனை அவிழ்ப்பது உழைப்போரின் ஒன்றுபட்ட இயக்கத்தின் பணியாகும்.